வாய்விட்டுப் படித்தால்

அன்று காலை ஐந்தே காலுக்கு, என் கணவர் எழுதிய நீலத் தாளில் ஐந்து இடங்களில் சிவப்பு மையால் வட்டம் போட்டேன். அவர் ஒரு காலில் உறையை மாட்டிக்கொண்டு, மற்றதைத் தோளில் போட்டபடி சமையலறை மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"குடு, நேரமாச்சு."

"அஞ்சு தப்பு."

"மொத தடவ ஏழு. தேறிட்டு வரேன்ல?"

"பல்லக் காட்டாதீங்க. இத இப்படியே கொண்டுபோனா அந்தாளு இன்னைக்கும் எல்லார் முன்னாடியும் படிச்சுக் காட்டுவான். எனக்கு மானம் போகுது."

"தாளு என்னோடது, மானம் மட்டும் உன்னோடதா?"

"பதினாலு வருஷம் இங்கிலீஷ் டீச்சரா இருந்தவளோட புருஷன் எழுதுற லட்சணமா இது?"

அவர் கையை நீட்டினார். நான் தாளை இரண்டாக மடித்துக் குளிர்பெட்டியின் தலையில் வைத்து, அதன்மேல் மாவு டப்பாவைத் தூக்கி வைத்தேன்.

"சாயங்காலம் வந்து நிதானமா உக்காந்து எழுதுங்க. நான் பக்கத்துலயே இருக்கேன். ஒரு நாள்ல என்ன குடி முழுகிடப் போகுது?"

"சரிங்க டீச்சர்" என்றார்.

கீழே தாடி வண்டியின் ஹாரனை இரண்டு முறை அடித்தான். ஆலையில் எங்கள் மொழி பேசுகிற இன்னொருவன் அவன்தான். தினமும் இவரைத் தன் வண்டியில் அழைத்துப்போவான். இவர் டீயில் பாதியைக் குடித்துவிட்டு, மற்றக் காலுறையைக் கையில் பிடித்துக்கொண்டே படியிறங்கினார். அதை வண்டியில் மாட்டிக்கொண்டிருப்பார்.

எட்டு மணி பத்து நிமிடத்துக்குப் பதினேழாம் எண் பை விழுந்தது.

அது ஒரு சலவை ஆலை. நான்கு மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளும் துவாலைகளும் அங்கே வெளுக்க வரும். வெளுத்த துணியைப் பெரிய கித்தான் பைகளில் கொட்டுவார்கள். தலைக்கு மேலே ஓடும் இரும்புத் தண்டவாளத்தில் அந்தப் பைகள் தொங்கியபடி உலர்த்தும் பக்கத்துக்குப் போகும். ஈரத்தோடு ஒரு பை நாலு ஆள் கனம். ஒவ்வொரு பைக்கும் ஒரு கொக்கி, கொக்கிக்கு ஒரு பூட்டு, பைக்கு ஓர் எண். கீழே தரையில் தண்டவாளத்தின் நேர்க்கீழாக மஞ்சள் கோடு இழுத்திருப்பார்கள். பை நகரும்போது கோட்டைத் தாண்டக்கூடாது. பைகளைக் கீழிருந்து ஏற்றி அனுப்புவது அவர் வேலை. பதினேழாம் பையின் கொக்கி சில சமயம் பூட்டிக்கொள்ளாமலே மேலேறிப் போவதை அவர் மூன்று வாரங்களுக்கு முன்பே கண்டுவிட்டார்.

முதலில் வாயால்தான் சொன்னார். காலை நேரப் பொறுப்பாளர், "எழுதிக் குடு. எழுதாதது நடக்காதது" என்றாராம்.

அந்தப் பொறுப்பாளருக்கு எங்கள் வீட்டில் ரேடியோ என்று பெயர். இந்த ஊரில் பிறந்தவர், தொட்டிலிலேயே ஆங்கிலம் கேட்டவர், நல்ல கனத்த குரல். தினமும் காலை ஆறு மணிக்கு முப்பது பேரை நிற்கவைத்து, ஒரு மரப்பெட்டிமேல் ஏறி நின்று, பழுதைச் சொல்லித் தொழிலாளிகள் அன்று காலை கொடுத்த நீலத் தாள்களை வாய்விட்டுப் படிப்பார். கேட்டதும் புரிந்தால் அந்தத் தாளுக்குப் பதிவேட்டில் ஓர் எண் விழும். எண் விழுந்தால்தான் மெக்கானிக் கருவிப்பெட்டியைத் திறப்பான். படிக்கும்போது தடுக்கினால், "இது என்ன மொழி?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்பார். கூட்டம் சிரிக்கும். அந்தத் தாள் எழுதியவரிடமே திரும்பும், எண் கிடையாது, பதிவு கிடையாது. வராத தாளுக்கும் திரும்பிய தாளுக்கும் ஆலையின் கணக்கில் வித்தியாசம் இல்லை. எல்லாரும் கற்றுக்கொள்ளத்தான் இப்படிச் செய்கிறேன் என்று சொல்லிக்கொள்வாராம். அங்கே வெளியூரிலிருந்து வந்தவர்கள் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: எழுதாமல் இருப்பது.

இவர் எழுதினார். வீட்டில் டீச்சர் இருக்கிறாள் என்ற திமிர்.

முதல் தாள் படிக்கப்பட்ட அன்று இரவுச் சாப்பாட்டின்போது இவரே அதை எங்களுக்கு நடித்துக் காட்டினார். நாற்காலிமேல் ஏறி, கரண்டியை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு, ரேடியோவின் குரலில், அவர் நிறுத்திய இடங்களிலெல்லாம் நிறுத்தி. தமிழில் சொன்னால் அது கிட்டத்தட்ட இப்படி இருந்திருக்கும்: "பதினேழு நம்பர் பை... கொக்கி பூட்டிக்கொண்டிருக்கவில்லை இருக்கிறது. மேலே போகும்போது... திறந்துகொண்டிருக்கிறது. கீழே விழும். கீழே... நாங்கள்... நின்றுகொண்டிருக்கிறோம்."

"கடைசி வரிக்குத்தான் நல்ல கைதட்டல்" என்றார் இவர்.

பன்னிரண்டு வயது மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்பா, நீ ரேடியோவ விட நல்லாப் பண்றே!"

"தாடி சிரிச்சானா?" என்று கேட்டேன்.

"அவன்தான் மொதல்ல."

நான் சிரிக்கவில்லை. தாளை வாங்கிப் பார்த்து ஏழு தப்பு என்று எண்ணிச் சொன்னேன். எனக்கு ரேடியோமேல் வந்த கோபத்தைவிட இவர்மேல் வந்த கோபம்தான் அதிகம். பிறந்த ஊரில் நான் கரும்பலகை முன் நின்றவள். இந்த ஊரில் என் சான்றிதழ் செல்லாது. ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சாப்பிட்ட மேசைகளைத் துடைக்கிறேன். என் படிப்பு செல்லுபடியாகிற இடம் என்று மிச்சமிருந்தது அந்தச் சமையலறை மேசை ஒன்றுதான்.

மெக்கானிக் நல்லவன், இந்த ஊரிலேயே பிறந்தவன். "சொல்லு, நான் எழுதித் தர்றேன்" என்று இவரிடம் கேட்டிருக்கிறான். வீட்டில் வந்து சொன்னார்.

"அவன்கிட்டப் போய்க் கையேந்தணுமா?" என்றேன். "அவனுக்கு ஸ்பெல்லிங்கே வராதுன்னீங்க."

"வராதுதான். ஆனா அவன் தாளு ஒண்ணுகூடத் திரும்பினதில்லையே."

அதுதான் எனக்கும் விளங்கவில்லை. ஒரு நாள் மெக்கானிக்கின் தாள் ஒன்றைக் கைப்பேசியில் படமெடுத்து வந்தார். பெரிதாக்கிப் பார்த்தேன். எழுதப் பழகுகிற பிள்ளையின் நோட்டு மாதிரி இருந்தது. 'அவர்களுடைய' என்று வர வேண்டிய இடத்தில் அதே ஒலியுள்ள 'அங்கே', 'ஷுட் ஹேவ்' வர வேண்டிய இடத்தில் 'ஷுட் ஆஃப்', அபாஸ்ட்ரஃபி தேவையில்லாத இடத்திலெல்லாம் அபாஸ்ட்ரஃபி. பத்துக்கு இரண்டு போட்டிருப்பேன்.

மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல என்ன தப்பு?" என்றாள். அவளுடைய கட்டுரை நோட்டிலும் அதே 'ஷுட் ஆஃப்' இருந்தது. இரண்டு வயதில் இங்கே வந்தவள். அப்பாவின் தாளைக் கொடுத்தால், "கேக்க என்னமோ மாதிரி இருக்கு" என்பாள். ஏன் என்று கேட்டால் தெரியாது.

அன்று அவர்கள் இருவருக்கும் பாடம் நடத்தினேன். நன்றாக நடத்தினேன் என்றே நினைக்கிறேன்.

"நம்ம பாஷையவே எடுத்துக்கோ. நம்ம ஊர்ல பொறந்தவன் எழுதும்போது எங்க தப்பு விடுவான்? பெரிய ற போட வேண்டிய எடத்துல சின்ன ர போடுவான். மூணு சுழி ணவுக்கு ரெண்டு சுழி ன. ஒத்த விட்டுடுவான். ஏன்னா அவன் காதால கத்துக்கிட்டவன். காதுக்கு எல்லாம் ஒண்ணுதான். ஆனா அவன் 'அவள் வந்தான்'னு சொல்லுவானா?"

"கனவுலகூடச் சொல்ல மாட்டான்" என்றார் இவர்.

"புஸ்தகம் வெச்சுப் படிச்ச வெளியூர்க்காரர் ஒருத்தர் வந்தா, ணகரம் னகரம், ஒத்து எல்லாம் அச்சடிச்ச மாதிரி போடுவார். போட்டுட்டு, 'அவள் வந்தான்'னு எழுதுவார். ஏன்னா அவரோட தாய்மொழில வினைக்கு ஆணும் கெடையாது, பொண்ணும் கெடையாது. அதே மாதிரி இங்கிலீஷ்ல ஒவ்வொரு பேர்ச்சொல்லுக்கு முன்னாடியும் ஒரு 'தி' வேணுமா வேணாமான்னு ஒரு கணக்கு. நம்ம பாஷையில அப்படி ஒரு சாமானே இல்ல. இல்லாத சாமானத் தேடி உங்க கை எங்க போகும்?"

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெக்கானிக்கின் தாளை எடுத்து மகளிடம், "வாய்விட்டுப் படி" என்றார். அவள் படித்தாள். தண்ணீர் மாதிரி ஓடியது. ஒரு தப்புகூடக் காதில் விழவில்லை.

"இப்ப என்னோடதப் படி."

அவள் இரண்டாவது சொல்லிலேயே சிரித்துவிட்டாள்.

"பாத்தியா டீச்சர்" என்றார். "அவன் தப்பு கண்ணுக்குத்தான் தெரியும். என் தப்பு காதுக்குத் தெரியும். ரேடியோ வாயத் தொறந்து படிச்சார்னா அவன் தப்பெல்லாம் கரைஞ்சு போயிடுது, என்னோடது மட்டும் பல்லிளிச்சுக்கிட்டு நிக்குது. கண்ணால படிச்சா நான் ஜெயிப்பேன், வாயால படிச்சா அவன் ஜெயிப்பான்."

இயந்திரத்தில் பழுது கண்டுபிடிப்பதுபோல அதைக் கண்டுபிடித்தார். பதினாலு வருடம் பாடம் நடத்திய எனக்கு அது தோன்றவில்லை. "பெரிய கண்டுபிடிப்பு" என்றேன். "அதுக்காகத் தப்பா எழுதலாம்னு ஆயிடுமா?"

இரண்டாவது தாளை என் பாடத்துக்குப் பிறகு எழுதினார். முதல் தாளில் 'தி' என்பதே இல்லை. இரண்டாவதில் 'தி' இல்லாத சொல்லே இல்லை. எனக்குக் காட்டாமல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். ரேடியோ ஒவ்வொரு 'தி'க்கும் ஒரு விரலை மடக்கி எண்ணிக்கொண்டே படித்தாராம். கை விரல்கள் தீர்ந்ததும் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தாராம். கூட்டத்தின் சிரிப்பு ஓய ஐந்து நிமிடம் ஆனதாம். தாள் திரும்பியது.

அதற்குப் பிறகு அவர் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். பதினேழாம் பை வரிசையில் வரும்போதெல்லாம் மஞ்சள் கோட்டைத் தாண்டிப் போய், அண்ணாந்து கொக்கி பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். பூட்டாமல் இருந்தால் நிறுத்தச் சொல்லிக் கத்துவார். இது எனக்குத் தெரியாது. தாடி பிறகு சொன்னான்.

மூன்றாவது தாள்தான் குளிர்பெட்டிமேல் இருந்தது.

அன்றும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கத்தவில்லை, கத்த நேரமில்லை. பத்து மணிக்கு நான் போனபோது ஈர விரிப்புகளை எல்லாம் அகற்றி ஒரு மூலையில் குவித்திருந்தார்கள். அவர் முகத்தை எனக்குக் காட்டவில்லை. காட்ட ஒன்றுமில்லை என்று ஒருத்தி என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். காலைக் காட்டினார்கள். இரண்டு காலிலும் உறை இருந்தது.

பத்தாம் நாள் ஆலையின் சாப்பாட்டுக் கூடத்தில் அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். மகளும் நானும் முன்வரிசையில். ரேடியோ பேசினார். மரப்பெட்டி இல்லை, தரையில்தான் நின்றார், கண் சிவந்திருந்தது. நல்ல உழைப்பாளி என்றார், யாரிடமும் கோபப்படாதவர் என்றார். "வேலை முடிஞ்சு கெளம்பும்போது ஒரு நாள்கூட அவர் குட்பை சொன்னதில்ல. அவர் பாணியில, 'ஐ வில் கோ அண்ட் கம்'னுதான் சொல்லுவார்" என்றார். சொல்லும்போது இவருடைய குரலிலேயே சொன்னார். இவருடைய இழுப்பு, இவருடைய தலையாட்டல், எல்லாம் அச்சு அசலாக. கூடம் சிரித்தது. அழுதுகொண்டே சிரித்தார்கள், அன்பாகத்தான் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள்.

போயிட்டு வரேன் என்பதை வேறு எப்படிச் சொல்வார் அவர்?

ஒரு மாதம் கழித்து ஆலையின் கடிதம் வந்தது. குறிப்பிட்ட பையைப் பற்றி எந்தப் புகாரும் பதிவேட்டில் இல்லை. தொழிலாளி, தடை செய்யப்பட்ட மஞ்சள் கோட்டைக் காரணமின்றித் தாண்டி, தன் கவனக்குறைவால் விபத்துக்கு ஆளானார். தொழில் அலுவலகம் விசாரிக்கும். விசாரணைக்கு நான் வரலாம்.

காரணமின்றி. கவனக்குறைவு. அவர் பெயர் போட்ட கடைசி எழுத்து அதுவாக இருக்கக்கூடாது என்பது மட்டும்தான் அப்போது எனக்கு வேண்டியிருந்தது. முதல் இரண்டு தாள்களையும் அவர் எப்போதோ கிழித்துக் குப்பையில் போட்டிருந்தார். என் கையில் இருந்தது மூன்றாவது. அதன்மேல் என் சிவப்பு மை.

கொழுந்தன் வேறு நகரத்திலிருந்து வந்திருந்தான். மேசைமேல் தாளைப் பிரித்துவைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அண்ணி, இது வேணாம். ஒரு வெத்துத் தாள் தாடிகிட்டச் சொல்லி வாங்கிடலாம். அண்ணன் கையெழுத்துல நீங்களே இன்னொண்ணு எழுதிடுங்க. சிவப்பு இல்லாம. மொத வாரத் தேதி போட்டு."

"அது பொய்டா."

"அவங்க சொல்றது மட்டும் நெசமா? திருப்பிக் குடுத்த தாளுன்னு சொல்லிடலாம். அண்ணன் எங்க தப்பு விடுவார்னு உங்கள விட யாருக்குத் தெரியும்?"

எனக்குத் தெரியும். அன்று மதியம் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். அவருடைய கையெழுத்து வந்துவிட்டது, அந்தச் சாய்வான 'டி' உட்பட. தப்புகள் வரவில்லை. 'தி' இல்லாமல் விட வேண்டிய இடத்தில் பேனா தானாக 'தி' போட்டது. மறுபடி எழுதினேன், இரண்டு வரி சரியாகத் தப்பாக வந்தது, மூன்றாவது வரியில் கை திருத்திவிட்டது. நான்கு தாள் பாழானது. கடைசியில் எழுதி முடித்ததைப் படித்தால், ஒரு டீச்சர் தன் மாணவனைக் கேலி செய்வதுபோல் இருந்தது. ரேடியோ செய்தது மாதிரியே. அதைக் கிழித்துப் போட்டேன்.

"அசலையே கொண்டுபோறேன்" என்றேன்.

"சிவப்பு மை யாருதுன்னு கேப்பாங்க அண்ணி."

"கேக்கட்டும்."

விசாரணை நடந்தது ஒரு சாதாரண அலுவலக அறையில். நீள மேசை, தண்ணீர்க் குப்பிகள், ஜன்னலுக்கு வெளியே வாகனங்கள் நிறுத்துமிடம். தலைமை தாங்கியது ஒரு நரைத்த அம்மாள். ஆலை வக்கீல் என்னிடம் மிக மரியாதையாக நடந்துகொண்டார். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன். நான் பேச ஆரம்பித்ததும் வக்கீல் புருவத்தை உயர்த்தி, "உங்க இங்கிலீஷ் ரொம்பச் சுத்தமா இருக்கு மேடம்" என்றார். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த அறையில், அந்தக் காரியத்துக்காக உட்கார்ந்திருந்தபோதும், அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

முதலில் ரேடியோவின் வாக்குமூலம். அவரே எழுதியது, இரண்டு பக்கம். எல்லாருக்கும் ஒரு பிரதி கொடுத்தார்கள். வக்கீல் வாய்விட்டுப் படித்தார். நான் கண்ணால் தொடர்ந்தேன். முதல் பக்கத்திலேயே ஒன்பது தப்பு. 'ஷுட் ஆஃப்' மூன்று முறை. அறையில் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. ஒழுங்கான, வருத்தம் தோய்ந்த, நம்பத்தகுந்த குரலில் அது ஓடி முடிந்தது. இறந்தவரிடமிருந்து புரியும்படியான எந்தப் புகாரும் தனக்கு வரவில்லை என்பது அதன் சாரம்.

அடுத்து தாடி. பதினேழாம் பையைப் பற்றிய தாள் எதுவும் காலைக் கூட்டத்தில் படிக்கப்பட்டதா என்று கேட்டார்கள்.

"ஞாபகமில்ல" என்றான். என்னைப் பார்க்கவில்லை.

வெளியே தண்ணீர்க் குழாய்ப் பக்கத்தில் அவனைப் பிடித்தேன். "ரெண்டு தடவ படிச்சாங்களேடா. நீ அங்கதானே நின்னே?"

"நின்னேன்க்கா."

"அப்புறம்?"

"படிச்சாங்கன்னு சொன்னா, படிச்சப்ப நீ என்ன பண்ணினேன்னு கேப்பாங்கல்ல" என்றான். "நான் சிரிச்சேன்க்கா. ரெண்டு தடவையும்."

அவனுக்கு வேலையும் போகக்கூடாது. அதை அவன் சொல்லவில்லை, சொல்லாமலே தெரியும்.

பிறகு என் முறை. பிறந்த ஊரில் டீச்சராக இருந்ததையும், தாள் அன்று குளிர்பெட்டிமேலேயே தங்கியதையும் சொல்லித் தாளைக் கொடுத்தேன். வக்கீல் அதை இரு கையாலும் வாங்கி, மெதுவாகப் பிரித்தார். நரைத்த அம்மாளிடமும் காட்டினார்.

"இந்தச் சிவப்பு மை யாரோடது மேடம்?"

"என்னோடது."

"எப்ப போட்டது?"

"அன்னைக்குக் காலைல. ஐந்தே காலுக்கு."

"நீங்க பதினாலு வருஷம் இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தவங்க. அஞ்சு தப்பு இருக்குன்னு முடிவு பண்ணி, இது கொடுக்கத் தகுதியில்லைன்னு எடுத்து வெச்சுட்டீங்க."

வக்கீல் தாளை மேசைமேல் என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"அப்ப எங்க பொறுப்பாளர் பண்ணினதத்தானே நீங்களும் பண்ணியிருக்கீங்க?"

ரேடியோ குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அந்த நேரம் சிரித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். சிரிக்கவில்லை.

நரைத்த அம்மாள் வக்கீலைக் கையமர்த்திவிட்டு என்னிடம் கேட்டார்: "தப்பு இருக்கட்டும். இதுல அவர் என்ன சொல்ல வர்றார்னு புரியுதா?"

"புரியுது. யாருக்கும் புரியும். பதினேழாம் பையோட கொக்கி பூட்டல, அது விழும், கீழ ஆள் நிக்கிறாங்கன்னு எழுதியிருக்கார்."

"இப்பப் புரியுது. அன்னைக்குக் காலைல நீங்க படிச்சப்பப் புரிஞ்சுதா?" என்றார் வக்கீல்.

அந்தக் கேள்விக்கு நான் தயாராக வந்திருக்கவில்லை. ஆனால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பது கேட்ட கணமே தெரிந்தது. உண்மை என்னவென்றால், அன்று காலை நான் அந்தத் தாளைப் படிக்கவே இல்லை. திருத்தினேன். கொக்கி என்ற சொல்லுக்கு முன்னால் 'தி' விட்டுப்போயிருந்தது கண்ணில் பட்டது. கொக்கி கண்ணில் படவில்லை. விழும் என்ற வினையின் காலம் கண்ணில் பட்டது. எது விழும், யார்மேல் விழும் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. இதைச் சொன்னால், படித்தவளுக்கே புரியாத தாள் என்று ஆகும். ரேடியோ சொன்னதும் அதுதான். அவர் எழுதியது எழுத்தே இல்லை, கோட்டைத் தாண்டக் காரணமே இல்லை என்று ஆகிவிடும்.

"புரிஞ்சுது" என்றேன்.

"கொக்கி பூட்டலன்னு?"

"ஆமா."

"அது விழும்னு?"

"ஆமா."

"அவர் அதுக்குக் கீழதான் வேலை செய்யறார்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"எல்லாம் புரிஞ்சும் தாளை எடுத்து வெச்சுட்டு, அவர வேலைக்கு அனுப்பிட்டீங்க."

"ஆமா" என்றேன். தமிழில் அல்ல, நல்ல ஆங்கிலத்தில்.

வக்கீல் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். கொழுந்தன் என் பக்கத்திலிருந்து நாற்காலியை நகர்த்தவில்லை, ஆனால் வீடு திரும்பும்போது எனக்கு நான்கு அடி முன்னாலேயே நடந்தான்.

தீர்ப்பு வர ஏழு வாரம் ஆனது. ஒரு சனிக்கிழமை முற்பகல் வந்தது. கொழுந்தனும் வந்திருந்தான். அவனுக்கு ஆங்கிலம் படிக்க நேரமாகும். என் கண்ணாடி உடைந்திருந்தது, அதாவது உடைந்திருக்கிறது என்று சொன்னேன். மகள் உறையைப் பிரித்து, மேசைமுன் நின்று வாய்விட்டுப் படித்தாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

அவர் எழுதிய தாள் புரியும்படி இருந்தது என்று அதில் போட்டிருந்தார்கள். பழுதை அவர் அறிந்திருந்தார், அதைச் சோதிக்கவே கோட்டைத் தாண்டினார், கவனக்குறைவு என்று சொல்வதற்கில்லை. கொழுந்தன் "ஆங்" என்று மூச்சுவிட்டான். மகள் தொடர்ந்து படித்தாள். ஆனால் அந்தத் தாள் ஆலையின் கைக்குப் போய்ச் சேரவில்லை. அதன் பொருளை முழுதும் உணர்ந்த அவருடைய மனைவி அதை வீட்டிலேயே நிறுத்தி வைத்துக்கொண்டதாகத் தாமே ஒப்புக்கொண்டார். ஆகவே ஆலை அறிந்தே அலட்சியம் செய்தது என்று கொள்ள முடியாது.

அவள் படித்து முடித்தாள். கூடத்தில் பேசுவதுபோல அவ்வளவு தெளிவாகப் படித்தாள், எங்கும் தடுக்கவில்லை. தாளை மேசைமேல் வைத்தாள்.

"நெசமாம்மா?"

"எது?"

"புரிஞ்சுதா உனக்கு? அன்னைக்கு?"

கொழுந்தன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். வேறு மாதிரி பதில் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் இருந்தது. சொன்னால், இவளும் ஒரு நாள் தாடியிடமோ வேறு யாரிடமோ, அப்பா எழுதினது அம்மாவுக்கே புரியலையாம் என்று சொல்வாள்.

"புரிஞ்சுது" என்றேன்.

அவள் தன் அறைக்குப் போனாள். கதவை அறைந்து சாத்தவில்லை, மெதுவாக, சத்தமே வராமல் மூடினாள். என்னோடு சண்டை போடுகிற வயதில்லை அவளுக்கு, இருந்திருந்தால் போட்டிருப்பாள். இப்போது பதினான்கு ஆகிறது. பள்ளியில் எழுதும் எதையும் என்னிடம் காட்டுவதில்லை. நானும் கேட்பதில்லை.

அன்று அவள் படித்துக்கொண்டிருந்தபோது, அவள் தோளுக்குமேல் நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. இரண்டாம் பக்கம், நான்காம் வரி. நரைத்த அம்மாள் கையொப்பமிட்ட தீர்ப்பில், 'அவர்களுடைய' என்று வர வேண்டிய இடத்தில் 'அங்கே' என்று இருக்கிறது. மனைவி என்ற சொல்லுக்கு முந்தைய வரி அது. அதைத்தான் முதலில் பார்த்தேன். தொழில் அலுவலகத்துக் கோப்பில் அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது.